வாடிவாசல் படமா வந்தா விருது கிடைக்குமா?

காரைக்குடிக்காரன்: சி.சு. செல்லப்பாவோட ஜல்லிக்கட்டு நாவல் வாடிவாசலை வெற்றிமாறன் எடுக்கப்போறார்னு சொன்னதுல இருந்து மனசு அதுலயே கெடக்கு, சிராவயல் மஞ்சுவிரட்டு பாத்து வளந்தவன் நான், அப்பனக் கொன்ன காரிக் காளையை அடக்க நாயகன் பிச்சி வந்து நிக்கிற அந்த வெறி திரையில வருமா? நேஷனல் அவார்டு வாய்ப்பிருக்கா?

கானாடுகாத்தான்: இருக்குண்ணே. பூமணியோட வெக்கை நாவலைத்தான வெற்றிமாறன் அசுரனா எடுத்தாரு, 2019க்கு சிறந்த தமிழ்ப்படம், தனுஷுக்கு சிறந்த நடிகர் ரெண்டும் வாங்குச்சே.

தேவகோட்டை: லாக்கப் புத்தகத்துல இருந்து அவர் எடுத்த விசாரணை படத்தை இந்தியா சார்பா ஆஸ்கருக்கே அனுப்புனாங்க. ஆனா எனக்கு பயம் வேற, நாவல் ஒரே சாயங்காலம் நடக்குற சின்னக் கதை, பாட்டு ஃபைட்டுன்னு சேத்து இழுத்தா அந்த இறுக்கமே போயிரும். காரியோட சொந்தக்காரர் ஜமீன்தார் வர்ற அந்தக் கதை முடிவ மட்டும் மாத்தவே கூடாது.

காரைக்குடிக்காரன்: அதேதான் அண்ணாச்சி, முடிவு மாறுனா விருது வந்தும் எனக்கு வேணாம்.