நிவாரண முகாமில் பெண்கள் பாதுகாப்பு: புயலுக்கு முன்பே எதைச் செய்து வைப்பது?

கடலோரம் (கேள்வி)
எங்கள் ஊரில் புயல் என்றால் மேல்நிலைப் பள்ளிதான் முகாம். 300 பேர் வரை நாலைந்து நாள் தங்குவார்கள். சோறு, பாய், மருந்துக்குத் திட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு என்று கேட்டால், "போலீஸ் ரெண்டு பேர் வருவாங்க" என்பதோடு சரி. எதைத் தயார் செய்வது?

முகாம்பணி
கழிவறையில் தொடங்குங்கள். இருட்டில் அங்கே போய்வரும் வழிதான் முதல் ஆபத்து. ஸ்பியர் (பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேசக் குறைந்தபட்சத் தரம்) அளவுகோல்படி 20 பேருக்கு ஒன்று வேண்டும். முதல் சில நாட்களுக்கு 50 பேருக்கு ஒன்றாவது. பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று என்பது விகிதம். உங்களுக்குக் குறைந்தது 6, அதில் பெண்களுக்கு 4 அல்லது 5. தங்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள், ஆண்கள் வரிசையிலிருந்து தள்ளி.

தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவையும் சாத்திப் பாருங்கள். தார்ப்பாய் மறைப்புக்குள் பல்பு போட்டால் உள்ளே குளிப்பவரின் நிழலுருவம் அப்படியே வெளியே தெரியும். பலரும் செய்யும் தவறு இது. மறைப்புக்குத் தகரம் அடியுங்கள். வெளிச்சம் வழி நெடுகத் தேவை, கரண்ட் போனாலும் எரியும் சோலார் விளக்காக. சாயங்காலத்திலிருந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால், அந்த வழியில் ஏதோ பயம் இருக்கிறது என்று அர்த்தம்.

தனியாக வந்த பெண்களுக்கும், பெற்றோர் உடன் இல்லாத பிள்ளைகளுக்கும் தனி வகுப்பறை, பொறுப்புக்குப் பெண் ஊழியர்கள்.

இரவுப்பணி நர்ஸ்
இதையும் மீறிப் பாலியல் வன்கொடுமை நடந்துவிட்டால் நேரம்தான் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். கருத்தடை அவசர மாத்திரை 120 மணி வரை, சீக்கிரம் போட்டால்தான் நல்ல பலன். உடுத்தியிருந்த துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். பாதிக்கப்பட்டவர் குளித்துவிட்டார் என்பதற்காக மருத்துவமனைக்கு அழைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

"முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, திருப்பி அனுப்ப முடியாது. பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 397ஆம் பிரிவின்படி உடனடி இலவசச் சிகிச்சை கட்டாயம். போலீஸுக்கு மருத்துவமனையே தகவல் சொல்லும். சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம். இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். 18 வயதுக்குக் கீழ் என்றால், விஷயம் தெரிந்தவர் எவரும் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்பு) சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். 181 (பெண்களுக்கு), 1098 (குழந்தைகளுக்கு), 112 (அவசரத்துக்கு) உதவி எண்களைப் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டு முன் நின்று யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

நெய்தல்
முகாம் கலைந்த பிறகும் அடி ஓய்வதில்லை. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் பேசியது இதைத்தான்: நிவாரணப் பணம் குடும்பத் தலைவர் என்று ஆண் கைக்குப் போனது, சாராயத்துக்குப் போனது, வீட்டில் அடி விழுந்தது. தமிழ்நாட்டில் சுனாமி வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுத்தார்கள். அதைச் சொல்லி, பெண் பெயரிலேயே நிவாரண டோக்கன் கேளுங்கள். பொருள் கொடுக்கும் இடத்தில் இரண்டு பெண்களாவது நிற்கட்டும். "தனியா வா, தர்றேன்" என்று சொல்ல வழியிருக்காது.

கடலோரம்
பள்ளிக் கழிவறை மைதானத்துக்குப் பின்னால், 80 மீட்டர். பூட்டிவிடலாமா?

முகாம்பணி
வேண்டாம், ஆண்களுக்கு விடுங்கள். பெண்களுக்கு வராந்தாவை ஒட்டித் தற்காலிகமாகக் கட்டுங்கள். தண்ணீர் டிரம் உள்ளேயே இருக்கட்டும். ராத்திரியில் குடத்தோடு குழாயடிக்குப் போக வேண்டியிருக்காது.