உரக்கடைக்கு லிப்ரே ஆபீஸ் போதுமா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வச்சிருக்கேன். பில்லு டேலிங்கற கணக்கு சாப்ட்வேர்ல போடுறோம். குறுவை, தாளடின்னு போகத்துக்குப் போகம் யார்கிட்ட எவ்வளவு பாக்கி நிக்குதுங்கற கணக்கு மட்டும் எக்செல்ல. இப்ப இருக்கற எக்செல் கிராக் போட்ட திருட்டுக் காப்பி. புது கம்ப்யூட்டர் வாங்கறப்ப அது வேணாம்னு பார்க்கறேன். எக்செலைக் காசு கொடுத்து வாங்கணுமா, இலவசமா கிடைக்கற லிப்ரே ஆபீஸ் போட்டா ஓடுமா?

சம்பாக்காரன்:
தாராளமா ஓடும். எங்க சாகுபடிக் கணக்கு மொத்தமும் அதுல எக்செல் மாதிரி இருக்கற கால்க்லதான். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மாவுல அடிச்சா பக்கத்துக் கட்டத்துல சென்ட் வந்துடும், 33.06ஆல பெருக்கினா போதும். கொள்முதல் நிலையத்துல போட்ட 40 கிலோ மூட்டை எத்தனை, ஆள் கூலி எவ்வளவு, இவ்வளவுதான் கணக்கு. இதுக்குப் போய் வருஷா வருஷம் சந்தா கட்டணுமா? இன்னொண்ணு, செல் பார்மட்ல மொழியை English (India)ன்னு வச்சு #,##,##0ன்னு கொடுங்க. லட்சம், கோடிக்கு நம்ம முறையிலயே கமா விழும்.

தஞ்சை ஆடிட்டர் ஆபீஸ்:
அண்ணே, உங்க கணக்கு உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. கடைக்காரர் கணக்கு வெளிய போகணும். ஜிஎஸ்டிக்கு மாசக் கணக்கு ஜிஎஸ்டிஆர் 3பி, வருஷக் கணக்கு ஜிஎஸ்டிஆர் 9. ரெண்டுக்கும் வர்ற ஆஃப்லைன் ஃபைல், மேக்ரோங்கற தானா ஓடற நிரல் வச்ச எக்செல். கால்க்ல எக்செல் மேக்ரோவுக்கு அரைகுறை ஆதரவுதான். 3பி கெடு முடியற 20ஆம் தேதி ராத்திரி, கணக்கைச் சரிபார்க்கற வேலிடேட் பட்டன் மக்கர் பண்ணினா யாரைக் கேப்பீங்க?

சம்பாக்காரன்:
3பியை ஜிஎஸ்டி போர்ட்டல்லயே நேரா தாக்கல் பண்ணலாம் தம்பி. அதுவும் உங்க ஆபீஸ் வேலை, கடைக்காரர் வேலை இல்ல. அவர் டேலி டேட்டாவை அனுப்பிட்டு நடவு பார்க்கப் போயிடுவார்.

தஞ்சை ஆடிட்டர் ஆபீஸ்:
நாங்க திருப்பி அனுப்பற ஷீட்டை அவர்தானே திறக்கணும்? அதுல ஒரு பட்டியல்லேர்ந்து தேடி எடுக்கற எக்ஸ்லுக்கப் ஃபார்முலா இருக்கும்.

சம்பாக்காரன்:
2024 ஆகஸ்ட்ல வந்த லிப்ரே 24.8 பதிப்புலேர்ந்து கால்க்லயும் அது இருக்கு. பழைய பதிப்பை வச்சிக்கிட்டுத் திட்டக் கூடாது.

குடந்தை டிடிபி:
ரெண்டு பேரும் கணக்கையே பேசறீங்க, தமிழ் என்ன ஆகும்? கும்பகோணத்துல எங்க கடைக்கு மனு, கோயில் பத்திரிகை, மொய்க் கணக்கு எல்லாம் வரும். லிப்ரேயில வேர்ட் மாதிரி இருக்கற ரைட்டர் ஒரே ஸ்டைலுக்குள்ள மூணு எழுத்துரு வச்சிருக்கும்: ஆங்கிலம் மாதிரி மேலை மொழிக்கு ஒண்ணு, சீனம், ஜப்பான் வகைக்கு ஒண்ணு, தமிழ், இந்தி, அரபி மாதிரி சிக்கலான எழுத்துக்கு ஒண்ணு. நீங்க ஸ்டைல்ல மேலை மொழிப் பக்கம் 14 வச்சா தமிழ் பழைய அளவுலயே நிக்கும். அந்த மூணாவது பக்கத்துக்குப் போய் மாத்தணும். வர்ற பத்துப் பேர்ல ஒருத்தருக்குக் கூட இது தெரியறதில்ல, "சாப்ட்வேர் சரியில்ல சார்"ன்னு நிக்கறாங்க. ரைட்டர்ல அடிச்ச ஃபைலை இங்க வேர்ட்ல திறந்தா மூணு பக்க மனு நாலாகுது. கலிப்ரி எழுத்துருவுக்கு அதே அகலத்துல கார்லிட்டோ இருக்கு, சரி. லதாங்கற தமிழ் எழுத்துருவுக்குப் பதிலா லினக்ஸ்ல நோட்டோ எழுத்துரு வந்து உக்காந்தா வரி ஓடத்தான் செய்யும்.

திருவாரூர் டீச்சர்:
குடந்தை அண்ணா, பிரிண்டுக்குன்னா பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்க. ரைட்டர்ல ஒரு பட்டன்தான், எழுத்துரு உள்ளேயே போயிடும். கேள்வித்தாள் எல்லாம் நான் அப்படித்தான் கொடுக்கறேன். பழைய வானவில் எழுத்துருவுல அடிச்ச ஃபைலும் அந்த எழுத்துருவைப் போட்டுட்டா படிக்க முடியும்.

குடந்தை டிடிபி:
பிடிஎஃப்ல மாப்பிள்ளை பேரைத் திருத்தணும்னு முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வருவாங்களே டீச்சர், அப்ப?

நெல்மணி:
எதுக்கு இவ்வளவு? அதே மாதிரி இலவசமா கிடைக்கற ஓபன் ஆபீஸ் இறக்கிக்கோங்க.

திருவாரூர் டீச்சர்:
அது வேண்டாம். ஓபன் ஆபீஸை வச்சிருந்த சன் கம்பெனியை ஆரக்கிள் கம்பெனி வாங்கின 2010லயே, அதுக்கு நிரல் எழுதறவங்க பலர் பிரிஞ்சு வந்து ஆரம்பிச்சதுதான் லிப்ரே. ஓபன் ஆபீஸ் அடுத்த வருஷம் அபாச்சிங்கற அமைப்புக்குப் போச்சு. அதுல வேர்டோட டாக்எக்ஸ் ஃபைலைத் திறக்கலாம், டாக்எக்ஸா சேமிக்க முடியாது.

நெல்மணி:
அப்ப கூகுள் ஷீட்?

சம்பாக்காரன்:
ஐப்பசி மழையில நெட் நிக்கற ஊரா உங்க ஊர்? எங்க ஊர் இல்லப்பா.

வெண்ணாற்றங்கரை:
பாக்கிக் கணக்குக்கு லிப்ரேயே போதும்னு தோணுது. ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, அந்த ஜிஎஸ்டிஆர் 9 எனக்கு வேணுமா?

தஞ்சை ஆடிட்டர் ஆபீஸ்:
வருஷ விற்றுமுதல் 2 கோடிக்குள்ளன்னா விலக்கு இருக்கு. ஆனா எங்களுக்கு அனுப்பறப்ப எக்செல் ஃபைலா சேமிச்சு அனுப்புங்க. கால்க்கோட சொந்த வடிவமான ஓடிஎஸ்ல வந்தா தொடமாட்டேன்.

சம்பாக்காரன்:
எக்செலே ஓடிஎஸ்ஸைத் திறக்குமே!

தஞ்சை ஆடிட்டர் ஆபீஸ்:
திறக்கும் அண்ணே. சில சமயம் ரிப்பேர் பண்ணவான்னு ஒரு கேள்வி கேட்டுட்டுத் திறக்கும்.