படுத்தால் பசுவை நாய் என்கிறது கேமரா: என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் செவலைப் பசு நிறைசினை. போன ஈற்றில் நள்ளிரவில் கன்று குறுக்கே சிக்கியதை யாரும் பார்க்கவில்லை, கன்றை இழந்தோம். இம்முறை கொட்டகை விட்டத்தில் அகச்சிவப்புக் கேமரா மாட்டியிருக்கிறேன். ஈனும் நேரம் நெருங்கினால் பசு நிலைகொள்ளாது. படுக்கும், எழும், வாலைத் தூக்கியபடி நிற்கும். மணிக்கு எத்தனை முறை படுத்தெழுகிறது என்று யோலோ (படத்தில் உள்ளவற்றைக் கண்டு, சுற்றிப் பெட்டி வரைந்து பெயர் சொல்லும் மென்பொருள்) மூலம் எண்ணுகிறேன். வழக்கத்தைவிடக் கூடினால் போனில் மணி அடிக்க வேண்டும்.

நின்றால் 'பசு' என்று சரியாகச் சொல்கிறது. காலை மடக்கிப் படுத்து, தலையை விலாப்பக்கம் திருப்பியதும் 'நாய்' என்கிறது, சற்று நேரத்தில் 'ஆடு'. ஒவ்வொரு முறையும் வேறு விலங்கு என்று எண்ணிப் புது அடையாள எண் தருகிறது. எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. நேற்றிரவு அந்த ஒரே பசுவுக்கு 41 எண்கள். எங்கள் பசுவின் படங்களைக் காட்டி மென்பொருளுக்கு மறுபயிற்சி தருவதுதான் வழியா? பத்தே நாள் இருக்கிறது.

மறுமொழி 1:
மறுபயிற்சி இப்போது வேண்டாம். பெயர் தவறுவதைவிட, பெயர் மாறியதும் தடம் (ஒரே பொருளைப் படத்துக்குப் படம் தொடரும் பதிவு) அறுந்துபோவதுதான் உங்கள் சிக்கல். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்மணி உபர் நிறுவனத்தின் தானாக ஓடும் சோதனைக் கார் மோதி இறந்தார். மோதலுக்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறும்போதெல்லாம் அதுவரை அவர் நகர்ந்த தடத்தைக் கைவிட்டது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் இது வெளிவந்தது. அவர் குறுக்கே வருகிறார் என்ற செய்தியே அந்தத் தடத்தில்தான் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

வகையைப் பாராமல், அடுத்தடுத்த படங்களின் பெட்டிகள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பதை மட்டும் வைத்து இணையுங்கள். கட்டிய மாடு முளையைச் சுற்றித்தானே இருக்கும்!

மறுமொழி 2:
அதோடு 2021இல் வந்த பைட்ட்ராக் (ByteTrack) என்ற தடம் தொடரும் முறையையும் பாருங்கள். மென்பொருள் தரும் உறுதி மதிப்பெண் குறைந்த பெட்டிகளைத் தூக்கி எறியாமல் பழைய தடத்தோடு பொருத்திப் பார்க்கும். கேமராவை விட்டத்திலிருந்து இறக்குங்கள். பக்கவாட்டில் வைத்தால் பெட்டியின் மேல்விளிம்பு இறங்குவதே படுத்ததற்கு அடையாளம். உயர அகல விகிதத்தை நம்பினால், மாடு கேமராவுக்குப் பின்புறம் காட்டும்போது ஏமாற்றிவிடும்.

கேட்டவர்:
வகையை நீக்கிவிட்டேன். கேமராவையும் சுவரோரம் இடுப்புயரத்துக்கு இறக்கினேன். நேற்று மாலை 6 முதல் காலை 6 வரை ஒரே எண்தான். ஆறு முறை படுத்தெழுந்ததாகக் காட்டியது. விழித்திருந்து நான் நோட்டில் குறித்ததும் ஆறு. இருவருக்கும் நன்றி. வால் மட்டும் இருட்டில் சுவரோடு கலந்துவிடுகிறது. பின்சுவருக்கு இன்று வெள்ளை அடிக்கிறேன்.