தாராசுரம் கைடு மாமா

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

கைடு மாமா தவறிப்போன செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தம்பி ஊரிலிருந்து போன் பண்ணிச் சொன்னான். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவருடைய சொந்தப் பேரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. கைடு மாமா என்றால் தெரியாதவர் நம் ஊரில் உண்டா?

காலையில் பட்டுத்தறி, சாயங்காலம் நம் ஐராவதேசுவரர் கோயிலில் வருகிறவர்களுக்குச் சிற்பம் காட்டும் வேலை. தறிக்குழியை விட்டு எழுந்து கைகால் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். கையில் ஓர் ஈர்க்குச்சி இருக்கும். சிற்பத்தைக் காட்ட அதுதான். கல்லில் விரல் படக் கூடாது, யாரையும் தொட விடவும் மாட்டார். உச்சிவெயிலில் சிற்பம் தட்டையாகத் தெரியும், வெயில் சாய்ந்தால்தான் நகைநட்டெல்லாம் எழுந்து வரும் என்று நான்கு மணிக்கு மேல்தான் ஆட்களை உள்ளே அழைத்துப் போவார்.

வருகிறவர்கள் எல்லோரும் தேர்ச் சக்கரம் வைத்த ராஜகம்பீரன் மண்டபத்தைத்தான் கேட்பார்கள். மாமா முதலில் கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் அடியில் கொண்டுபோய்த் தரையில் உட்கார வைப்பார். "நின்னுக்கிட்டுப் பார்த்தா இவங்க தெரிய மாட்டாங்க" என்பார். அங்கேதான் நாயன்மார் வரிசை. ஒவ்வொரு சிற்பமும் ஒரு முழம்கூட இருக்காது. இரண்டாம் ராஜராஜன் காலத்து எழுத்தில் பேர் வெட்டியிருக்கும். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் காட்டி எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதுவரைக்கும் நான் அந்தச் சுவரில் புத்தகப் பையைச் சாய்த்து வைத்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தவன்.

அந்த வரிசையில் ஒரு முதலை வரும். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. மாமா கதையைச் சொல்லவே மாட்டார், முதலையை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருவது நம் கண்ணுக்கே அகப்படும். "ஆ!" என்று யாராவது சொன்ன பிறகுதான் பதிகத்தைப் பாடுவார். நல்ல குரல்.

யானையும் காளையும் ஒரே தலையில் இருக்கும் சிற்பத்துக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி ஒரு உடம்பை மறைப்பார், அப்புறம் மற்றதை. குழந்தைகளுக்கு அது போதும்.

பலிபீடத்துப் படிகளைத் தட்டிச் சுரம் காட்டினால் கூடக் கொஞ்சம் காசு கிடைக்கும். அவர் ஒருநாளும் தட்டியதில்லை. "தேஞ்சா தேஞ்சதுதான்" என்பார். பிறகு அதற்குக் கம்பித் தடுப்பு போட்டபோது வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2004இல் யுனெஸ்கோ நம் கோயிலைப் பட்டியலில் சேர்த்ததற்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இன்னொன்று. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் கஜசம்காரமூர்த்தி நம் ஊரிலிருந்து போனவர். யானைத் தோலை உரித்து ஆடுகிற அந்த மூர்த்தியைப் பார்க்க வருஷத்துக்கு ஒருதரமாவது பஸ் ஏறிவிடுவார். "வெளியூர்ல இருக்கிற நம்ம பிள்ளை, யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா?" நான் வேலைக்கு விமானம் ஏறின வருஷம் என்னிடமும் அதே மாதிரி, "வருஷத்துக்கு ஒருதரம் வந்துட்டுப் போ" என்றார். மூன்று வருஷமாக நான் போகவில்லை.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. நாயன்மார் சிற்பங்களின் பேர்களை அவர் பார்த்துப் பார்த்து எழுதிய மூன்று நோட்டுகள் மகளிடம் இருக்கின்றன. படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். பென்சில் எழுத்து, நிறைய மங்கிவிட்டதாம். ஜன்னல் ஓரமாக வைத்துப் பக்கம் பக்கமாக எடுங்கள், அட்டையையும் விட்டுவிடாதீர்கள்.