ரத்தப் பரிசோதனையை வைத்து தீயணைப்பு வீரர்களைப் பிரிக்கலாமா?

கரிகாலன்:
2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நியூயார்க் தீயணைப்பு வீரர்களிடம் நடந்த ஆய்வுகளைப் படித்துவருகிறேன். விமானங்கள் மோதி உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்து ஆறு மாதத்துக்குள் எடுத்த ரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். பின்னாளில் மூச்சுத்திறன் குறைந்தவர்களின் ரத்தத்தை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டபோது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடி, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்டிஎல் குறைந்திருந்தவர்களுக்குப் பாதிப்பு வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கூடியிருந்தவர்களுக்கும் அப்படித்தான். இவ்வளவு தெரிந்த பிறகும், தூசிக்குள் ஆள் அனுப்பும் முன் ரத்தம் பார்க்காமல் இருப்பது என்ன நியாயம்?

தேன்மொழி:
ரத்தம் எடுத்தது எப்போது? தூசியைச் சுவாசித்த பிறகு. அதை வைத்து, தூசிக்குள் போகும் முன்னரே ஆளைப் பிரிக்கலாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த அளவுகளில் கொஞ்சமாவது தூசியின் வேலையாக இருக்கலாமே.

அது சாதாரணத் தூசியும் இல்லை. நொறுங்கிய சிமென்ட், ஜிப்சம், கண்ணாடி இழை எல்லாம் கலந்த, காரத்தன்மை மிகுந்த பொடி. வீரர்கள் துப்பிய சளி சாம்பல் நிறத்தில், நறநறவென்று துகள்களோடு வந்தது. நாலு வாரமாவது மருத்துவ விடுப்பு எடுக்கவைத்த இருமல் யாருக்கு வந்தது என்று பாருங்கள்: கோபுரங்கள் விழும்போது அங்கேயே இருந்தவர்களில் 8 சதவீதம், இரண்டு நாளுக்குள் வந்தவர்களில் 3 சதவீதம், அதற்கும் பிறகு வந்தவர்களில் 1 சதவீதம். முதலில் பேச வேண்டியது தூசியின் அளவையும் மாஸ்க்கையும் பற்றித்தான்.

கரிகாலன்:
மாஸ்க் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஒப்பிடப்பட்ட இரு தரப்பும் புகைக்காதவர்கள், முன்பு நுரையீரல் நன்றாக இருந்தவர்கள். ஒரே தூசி ஒருவரைச் சாய்க்கிறது, இன்னொருவரை விட்டுவிடுகிறது. உடம்புக்கு அதில் பங்கே இல்லையா?

தேன்மொழி:
உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டது என்று சொல்லாதீர்கள். ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, புகைக்காத வீரர்களுக்கே முதல் வருடத்தில் சராசரியாக 439 மில்லி குறைந்தது. வயதாவதால் வருடத்துக்கு 30 மில்லி போலத்தான் குறையும். இது மொத்தக் குழுவின் சராசரி. ட்ரைகிளிசரைடு சரியாக இருந்தவரும் இதில் அடக்கம்.

இன்னொன்று, எல்லா அளவும் கெட்ட சேதி சொல்வதில்லை. கைட்டோட்ரையோசிடேஸ் என்ற நொதி கூடுதலாக இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். எதை வைத்து யாரை நிறுத்துவீர்கள்?

முகில்:
தீயணைப்பு வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ரிசல்ட்டைப் பார்த்து ஆளைப் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்று தெரிந்தால் எவனும் கை நீட்ட மாட்டான். லேசாக மூச்சு வாங்கினாலும் மறைப்பான். நியூயார்க்கில் பரிசோதனையோடு சிகிச்சையும் கிடைத்தது. 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அதற்குப் பணம் ஒதுக்கியது, பிறகு அதை 2090 வரை நீட்டித்தார்கள். அப்படி இருந்தால்தான் ஆள் வருவான்.

கரிகாலன்:
முகில் சொல்வது முக்கியமான விஷயம். அப்படியானால் முடிவை நிர்வாகத்துக்குக் கொடுக்காமல் வீரருக்கும் அவருடைய டாக்டருக்கும் மட்டும் கொடுக்கலாம். ட்ரைகிளிசரைடைக் குறைக்க வழி இருக்கிறது. வேலைக்குப் போகும் முன் தெரிவதில் லாபம்தான், இதில் நான் மாறவில்லை.

தேன்மொழி:
டாக்டரோடு நிற்கும் என்றால் சம்மதம். என் கவலை தூசிக்குள் போய் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில். முதல் சில வாரத்திலேயே ரத்தம் எடுத்து, அளவு மோசமாக உள்ளவர்களை முதலில் கூப்பிட்டு ஊதவைத்துப் பாருங்கள். மற்றவர்களையும் விட்டுவிடாமல் வருடா வருடம் கூப்பிடுங்கள். யாரையும் வேலையிலிருந்து கழிக்க அந்தத் தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள்.