அளந்த ஓடுபாதை இல்லாத இடத்தில் இடைவேளைப் பயிற்சி: சாதாரண ரைமர் போதுமா?

குளக்கட்டு ஓட்டக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். விடியற்காலையில் இரணைமடுக் குளத்துப் பக்கம் ஐந்து கிலோமீற்றர் வரை ஓடுவது வழக்கம். எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதால்தான் நேரம் குறையவில்லை என்றும், விரைவாகவும் மெதுவாகவும் மாறிமாறி ஓடும் இடைவேளைப் பயிற்சியைத் தொடங்கும்படியும் கூட ஓடும் நண்பர் சொல்கிறார். ஆனால் கிடைக்கும் அட்டவணைகள் எல்லாம் 400 மீற்றர், 800 மீற்றர் என்று ஓடுபாதைக் கணக்கிலேயே இருக்கின்றன. நான் ஓடும் கிரவல் பாதையில் அளந்த தூரம் எதுவும் கிடையாது. ஜிபிஎஸ் மணிக்கூடு வாங்கும் வசதியும் இப்போதைக்கு இல்லை. கையில் இருப்பவை ஒரு கசியோ எஃப்-91டபிள்யூ மணிக்கூடும் பழைய அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியும் மட்டுமே. நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இப்பயிற்சியைச் செய்ய முடியுமா? ஓடும்போது மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் சரிவரவில்லை.

பழைய பயிற்றுநர்:

தம்பி, தாராளமாகச் செய்யலாம். உங்கள் இடத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட. 400 மீற்றரை ஒருவர் 75 விநாடியில் முடிப்பார், இன்னொருவருக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். ஆகவே ஒரே அட்டவணை இருவருக்கும் இருவேறு பயிற்சியாகிவிடுகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் குளக்கட்டில் எதிர்க்காற்றில் போகும் ஒரு நிமிடத்தில் கடக்கும் தூரமும், திரும்பி வரும் ஒரு நிமிடத்தில் கடக்கும் தூரமும் ஒன்றாக இருக்கப் போவதில்லை. நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே அளவு முயற்சியுடன் ஓடினால் அந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ரைமர் ஓட்டத்தை அளப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதன் முக்கியமான வேலை ஓய்வைக் காவல் காப்பதுதான். 1930களில் ஜேர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்றுநரும் ஹெர்பர்ட் ரைன்டெல் என்ற மருத்துவரும் வகுத்த முறையில், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு ஏறும்படி ஓடவிட்டு, அது 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டத்தைத் தொடங்குவார்கள். 90 விநாடிக்குள் இறங்காவிட்டால் அந்த ஓட்டம் அளவுக்கு மிஞ்சியது என்று கொள்வார்கள். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி நிலைநாட்டிய உலக சாதனையை 1955 வரை எவராலும் முறியடிக்க முடியவில்லை. அந்த எண்கள் பயிற்சி பெற்ற வீரர்களுக்கானவை; நீங்கள் 180ஐத் துரத்த வேண்டாம். ஆனால் களைத்தவுடன் ஓய்வைத் தன்பாட்டில் நீட்டிக்கொள்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதைத் தடுக்க ஒரு பீப் ஒலி போதும்.

பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் விரைவாகவும் இரண்டு நிமிடம் மிக மெதுவாகவும் மாறிமாறி ஆறு முறை ஓடுங்கள். கடைசியில் சில நிமிடம் மெல்ல ஓடி முடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் இதைச் செய்தால் போதும். ஆறாவது ஓட்டமும் முதலாவதைப் போலவே இருந்தால் வேகம் சரி; நான்காவதிலேயே கால் இழுபட்டால் முதல் ஓட்டத்தில் பாய்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மாங்குளம் வாசி:

கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எஃப்-91டபிள்யூவில் நிறுத்தற்கடிகாரம் உண்டு, ஆனால் இறங்குமுகமாக எண்ணும் ரைமர் இல்லை. ஆகவே அது உங்களைப் பார்க்க வைக்குமே தவிரக் கூப்பிடாது. இறங்குமுக எண்ணிக்கை முடிந்ததும் தானாகவே மறுபடி தொடங்கும் ரைமர் உள்ள மணிக்கூடு எதுவானாலும் நல்லது. அதில் ஒரு நிமிடத்தை வைத்துவிட்டால் ஒரு பீப்புக்கு விரைவு, அடுத்த இரண்டு பீப்புக்கு மெது என்று மனக்கணக்கிலேயே எல்லாவற்றையும் ஓடிவிடலாம்.

கைத்தொலைபேசியில் இலவச ரைமர் செயலிகள் பல உண்டு. ஆனால் பழைய தொலைபேசிகளில் திரை அணைந்ததும் மின்கலச் சேமிப்பு வசதி செயலியை நிறுத்திவிடுவதுண்டு. பீப் வரும் வரும் என்று ஓடிக்கொண்டே இருப்பீர்கள், அது வராது. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் சேமிப்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டு, வீட்டிலேயே திரையை அணைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காற்றில் ஒலி கேட்காது என்பதற்காக இரண்டு காதிலும் இயர்போன் போட வேண்டாம். மணல் ஏற்றிய ரிப்பர்கள் விடியமுன்னரே ஓடத் தொடங்கிவிடும் பாதைகள் நம்முடையவை. அதிர்வை இயக்கி, தொலைபேசியை இடுப்புப் பையில் உடம்போடு ஒட்ட வைத்தால் தெரியும்.

முல்லைக் கரை:

ரைமரே இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதையும் பதிந்து வைக்கிறேன். சுவீடனைச் சேர்ந்த கோஸ்டா ஹோல்மர் 1930களில் உருவாக்கிய பார்ட்லெக் முறையில், விரைவையும் மெதுவையும் ஓடுபவரே வழியில் தீர்மானிப்பார். இரண்டு மின்கம்பத்துக்கு விரைவு, மூன்று கம்பத்துக்கு மெது என்று ஓடினாலும் பயன் உண்டு. ஆயினும் பழைய பயிற்றுநர் ஐயா சொன்ன ஓய்வுக் காவல் அதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. பல செயலிகளைத் திறந்தவுடன் 20 விநாடி முயற்சி, 10 விநாடி ஓய்வு, எட்டுச் சுற்று என்ற ‘தபாட்டா’ அமைப்பு முன்னால் வந்து நிற்கும். இசுமி தபாட்டாவும் அவரது குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, நிலையான சைக்கிள் பொறியில், எல்லைவரை முயன்று செய்யப்பட்டது. கிரவல் பாதையில் ஓடத் தொடங்குபவருக்கு அது உகந்ததல்ல. 10 விநாடிக்குள் வேகத்தைக் குறைத்து மறுபடி எடுப்பதிலேயே கணுக்கால் பிசகிவிடும்.

குளக்கட்டு ஓட்டக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நிமிட மெது நேரத்தில் நடக்கலாமா, ஓடியே ஆக வேண்டுமா?

பழைய பயிற்றுநர்:

முதல் சில வாரங்கள் நடக்கலாம், ஆனால் நிற்க வேண்டாம். அந்த இரண்டு நிமிடமும் மெல்லோட்டமாக மாறிய பிறகுதான் அதை ஒன்றரை நிமிடமாகக் குறைக்க வேண்டும்; அப்போது ரைமரை 30 விநாடிக்கு மாற்றி, இரண்டு பீப் விரைவு, மூன்று பீப் மெது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நெஞ்சில் நோவோ தலைச்சுற்றோ வந்தால் பீப்பைக் கணக்கெடுக்காமல் அங்கேயே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.