ஓட்ஸ் தவிட்டுக்கூழா, காடைக்கண்ணிக் கஞ்சியா? (அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். சத்துணவுப் பாடக் கையேடு ஒன்னு தமிழாக்கிட்டிருக்கேன், நாளைக்கு ராத்திரி அச்சுக்குப் போகணும். அட்டவணையில ஓட்ஸ் பிரான் (oat bran, ஓட்ஸ் தவிடு) வேகவச்சதுன்னு ஒரு வரி, ஒரு கப் 219 கிராம், 88 கலோரி, புரதம் 7 கிராம், நார் 5.7. 'ஓட்ஸ் தவிடுக்கூழ்'னு போட்டிருக்கேன், சரியா?

—

அம்மா, தவிட்டுக்கூழ். உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமையில டகரம் இரட்டிக்கும், நன்னூல்லயே இருக்கு. தவிட்டுக்குருவின்னுதானே சொல்றோம்? அப்புறம் காடைக்கண்ணின்னு பேர் இருக்கும்போது ஓட்ஸ் எதுக்கு? கண்ணின்னா வலை, தலையில சூடுற மாலையும்கூட, அந்தக் கதிர் தொங்குற அழகைப் பாத்தா மாலைதான்னு எனக்குப் படுது, காடை அதைக் கொத்த வர்றதால முன்னால காடை சேந்திருக்கணும்.

—

ஐயா, காடைக்கண்ணின்னா பிள்ளைங்க ஏதோ சிறுதானியம்னு நினைச்சுக்குவாங்க. எனக்கு உறுத்துறது 'தவிடு'தான், உமின்னு நினைச்சுடுவாங்க. உமி முதல்லயே போயிடுது, உமி நீங்கின மணியை அரைச்சு சலிச்சா சல்லடையில நிக்கிற கரடுதான் பிரான், உள்மாவும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுதான் வரும். வேகும்போது கொழகொழன்னு ஆகுதே, அது பீட்டா குளுக்கன்ங்கிற கரையும் நார். குடல்ல பித்த அமிலத்தைப் பிடிச்சு வெளியேத்திடும், ஈரல் புதுசா பித்தம் செய்ய ரத்தத்துல இருக்கிற கொலஸ்ட்ராலை எடுத்துக்கும். நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன்ங்கிற கணக்குலதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997ல பொட்டலத்துல இதய நலன்னு எழுத விட்டுச்சு. அந்தக் கொழகொழப்பு பேர்லயே தெரியணும், அதனால கூழ் இருக்கட்டும்.

—

கஞ்சி ஏன் ஆகாது? 100 கிராம்ல 84 கிராம் தண்ணி! வள்ளுவர் 'சிறுகை அளாவிய கூழ்'ங்கிறார், 'படைகுடி கூழ்'ங்கிறார், ரெண்டு இடத்துலயும் கொழகொழப்பே கிடையாது, முதல்ல சோறு, அடுத்ததுல பொருள்வளம். கூழ்ங்கிற சொல்லுக்கு இவ்வளவு அகலம் இருக்கும்போது அதைப் பசை மாதிரி ஒன்னுக்குள்ள அடைக்கிறது எனக்கு மனசு ஒப்பல.

—

குறள்ல என்ன இருந்தாலும் இன்னைக்குக் கூழ்னா கெட்டியாத்தானே நினைக்கிறாங்க? அதை விடுங்க, 'வேகவைத்த'ங்கிற சொல்லை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க. உலர்ந்ததுல 100 கிராமுக்கு நார் 15 கிராம் கிட்ட, வெந்ததுல 2.6தான். ரொட்டி மாவுல பிசையறதும் சூப் கெட்டியாக சேக்கறதும் உலர்ந்ததை, அங்கபோய் கூழ்னு எழுதினா கணக்கே தப்பாயிடும்.

—

இது எனக்குத் தோணவே இல்ல, ரொம்ப நன்றி. அட்டவணையில 'ஓட்ஸ் தவிடு, வேகவைத்தது', சமையல் பகுதியில மட்டும் 'தவிட்டுக்கூழ்'. பெரும்பாலானவங்களுக்கு ஓகேன்னு எடுத்துக்கிட்டு அனுப்பறேன்.

—

ஒற்று இரட்டிச்சதுல சந்தோஷம்மா. ஆனா காடைக்கண்ணியை அடைப்புக்குறிக்குள்ளயாவது போடுங்க, நான் ஒத்துக்கலைன்னு பதிவு பண்ணிக்கோங்க.